கிண்டியும் கோளாம்பியும்: பழம்பொருள் வாங்கி விற்று நான் மீண்ட கதை

அம்மை பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த வருஷங்களில் என் நாள் முழுக்க அவளைச் சுற்றித்தான் ஓடியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். கஞ்சியை மசித்து ஊட்ட வேண்டும். மாத்திரை, துணி, குளிப்பாட்டு என்று வேலை ஓயாது. தனியார் பள்ளி ஒன்றில் பார்த்துவந்த டீச்சர் வேலையை அதற்காக விட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் குடும்பத்தோடு மஸ்கட்டில் இருக்கிறான். அம்மை போனதும் பதினாறாம் நாள் விசேஷத்தை முடித்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஓட்டு வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன். ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் தானாக முழிப்பு வரும். எழுந்து கட்டிலருகே போய் நிற்பேன். அங்கே புரட்டிவிட ஆள் இருக்காது.

நோயாளியைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கு இது தெரியும். ஆள் போன துக்கம் ஒன்று. கைக்கு வேலை இல்லாமல் போன வெறுமை வேறொன்று. முதலாவதுக்கு ஆறுதல் சொல்ல ஊரே வரும். இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. "இனி உனக்கு ரெஸ்ட்தானே" என்பார்கள். அந்த ரெஸ்ட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை, முற்றம் பெருக்கவில்லை, போன் அடித்தால் எடுக்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்திரம் தேய்த்தால் மனச்சோர்வு போய்விடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னை முதலில் தூக்கி நிறுத்தியது மனநல மருத்துவரும் அவர் தந்த மாத்திரையும்தான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு ஒரு தடையே இல்லை. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மாத்திரை எனக்குத் தூக்கத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் விடிந்தபிறகு பகலை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது. அந்தப் பகலைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மையின் இரும்புக் கட்டிலைப் போடுவதற்காக ஆக்கர் கடைக்குப் போனேன். மற்ற ஊர்களில் பழைய இரும்புக் கடை என்பார்கள். எடை போட்டுக்கொண்டிருந்தபோது, ஓட்டை அண்டாக்களுக்கும் குழாய்த் துண்டுகளுக்கும் நடுவே கரேலென்று ஒரு கிண்டி கிடந்தது. வாய் அகன்று, வயிறு உருண்டு, பக்கவாட்டில் மூக்கு நீண்ட தண்ணீர்ச் செம்பு அது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணையில் தண்ணீரோடு இருக்கும். வருகிறவர்கள் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே ஏறுவார்கள். "இதை உருக்கத்தான் அனுப்புவேன்" என்றார் கடைக்காரர். எடைக்கு என்ன விலையோ அதையே கொடுத்து வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

அதைச் சுத்தம் செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு நடந்தது எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. மூக்குக்குள் மண் இறுகி அடைத்துக்கிடந்தது. வெந்நீரில் ஊறப்போட்டு, ஈர்க்கில் நுனியைப் பிளந்து உள்ளே விட்டுச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். வெளியே பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. புளியைக் கரைத்துத் தடவி, சாம்பலைத் தொட்டு, தேங்காய்த் தும்பால் ஒரே போக்கில் தேய்த்தேன். ஒரு கை அகலம் துலங்க அரைமணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் கீறல் விழும். வயிற்றின் அடிப்பக்கம் தேய்க்கும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உளியால் பொடிப் பொடியாகக் கொத்திய எழுத்து: "ம.பா. 1108". யாரோ ஒரு ம.பா.வின் கிண்டி. கல்யாணச் சீராக வந்ததாக இருக்கலாம், மகள் பிறந்த மகிழ்ச்சியில் வாங்கியதாகவும் இருக்கலாம். அன்று பிற்பகல் முழுவதும் அம்மையை நினைத்து நான் அழவில்லை என்பது விளக்கு வைக்கும் நேரத்தில்தான் உறைத்தது. மறந்துவிட்டேன் என்றில்லை. கைக்கு ஒரு உடம்பு கிடைத்திருந்தது. மெதுவாக, பொறுமையாக, வலிக்காமல் துடைப்பதற்கு.

1108 என்பது கொல்லம் ஆண்டு, திருவிதாங்கூரில் புழங்கிய ஆண்டுக்கணக்கு. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வரலாறு சமையலறையில் எப்படிக் கிடக்கிறது என்று இந்தத் தொழிலுக்கு வந்தபிறகுதான் கண்டேன். பழைய பத்திரத்திலும், பாத்திரத்திலும், வாசல் நிலையிலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆவணியில் வருஷம் பிறக்கும். கொல்லம் ஆண்டோடு 824-ஐக் கூட்டினால் அந்த வருஷம் தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். தை பிறந்தபிறகு உள்ள மாதங்களுக்கு 825. ஆக, 1108 என்றால் 1932 ஆவணி முதல் 1933 ஆடி வரை. பழம்பொருள் பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு இது. வயது சொல்வதற்கு மட்டும் இல்லை, சட்டத்துக்கும் வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பொருள்களின் பெயரும் பயனும் தெரியாமல் விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நல்லவேளையாகப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையில் எல்லோரும் மந்திரசாலையையும் மரச் சிற்பங்களையும் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். அதே அரண்மனையில் தெற்குக் கொட்டாரம் என்ற பகுதியில் பழைய வீட்டுச் சாமான்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விளிம்பு எப்படி மடிந்திருக்கிறது, கைப்பிடி எங்கே பொருந்துகிறது, அடி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் கண் பழகும். அரண்மனை நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது, திங்கட்கிழமை திறக்காது. அரண்மனையை விடப் பெரிய பள்ளிக்கூடம் வயசானவர்கள்தான். எங்கள் தெருவில் ஒரு பாட்டா, வெற்றிலைத் துப்பும் கோளாம்பியைக் கையில் கொடுத்ததும் அதன் கழுத்தைப் பிடித்தே யார் வீட்டுப் பொருள், எந்த மாதிரி வீடு என்று ஊகித்துச் சொல்லுவார். கிண்டி, உருளி, நிலவாய், பரணி, மரவை, நாழி, தூக்குவிளக்கு என்று கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். அந்த நோட்டுதான் இன்றும் என் மூலதனம்.

உலோகம் பார்ப்பது பற்றி இரண்டு வார்த்தை. முதலில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை, செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். நிறத்தை வைத்துச் சொல்வது கஷ்டம், கருத்துப் போனால் இரண்டும் ஒன்றுதான். சத்தம் பொய் சொல்லாது. விளிம்பை விரல் நுனியில் தூக்கிப் பிடித்து, மடக்கிய விரலால் ஒரு தட்டு. நல்ல வெண்கலம் என்றால் நாதம் நீண்டு போய் அடங்கும். பித்தளை சீக்கிரம் நின்றுவிடும். வெண்கலப் பாத்திரம் 'தட்'டென்று செத்த சத்தம் கொடுத்தால் எங்கோ விரிசல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது. வெண்கலம் கெட்டியானது, ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும்.

வாங்குகிறவர்கள் பலர் பளபளப்பாகக் கேட்பார்கள். புளி போட்டுத் தேய்த்த பித்தளையைக் கழுவி உடனே துடைத்து உலர்த்தாவிட்டால் செம்பட்டையாகத் திட்டுத் திட்டாக நிற்கும். மெஷின் பாலிஷ் போட்டால் எழுத்தும் நகாசும் மழுங்கிவிடும். களிம்பை எடுத்துவிட வேண்டும், பழுப்பை விட்டுவிட வேண்டும், இதுதான் என் வழக்கம். அந்தப் பழுப்புதான் வயது. சமைக்க வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசிய பிறகுதான் புளிக்குழம்பும் மோரும் என்று கண்டிப்பாகச் சொல்லுவேன். பூசுகிறவரிடம் சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காரீயம் கலந்திருந்தால் உடம்புக்குக் கெடுதல்.

சரி, பொருள் எங்கே கிடைக்கும்? ஆக்கர் கடைகள், கோட்டாறு கம்பளம் சந்தையில் பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் கொடுக்கிற கடைகள், மரத்தளவாடத்துக்கு வீடு இடித்துச் சாமான் விற்கிற இடங்கள். நான்குவழிச் சாலைக்காகவும் கான்கிரீட் வீட்டுக்காகவும் எத்தனையோ ஓட்டு வீடுகள் போயின. அயினிப் பலகையும் தேக்கு நிலையும் லாரி லாரியாகப் போயின. ஆனால் பெரும்பாலான நல்ல பொருள் வருவது வீடுகளிலிருந்து. வீட்டுக்காரர்கள் கூப்பிடுகிறபோது அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். யாரோ இறந்திருப்பார்கள். பாகம் பிரிந்திருக்கும். வீடு விற்றிருக்கும். கடன் வந்திருக்கும். சும்மா இருக்கும்போது யாரும் பாட்டியின் உருளியை விற்கக் கூப்பிடுவதில்லை.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு இடம் உண்டு என்று தெரிந்தது இங்கேதான். இரணியல் பக்கம் ஒரு வீடு. மச்சிலிருந்து இறக்கிய சாமானெல்லாம் தரையில் பரத்தியிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி ஒரு கிண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் நின்றபடியே கணக்குப் பேசினார். நான் தரையில் உட்கார்ந்து, "பாட்டி, இது யாருக்கது?" என்று கேட்டேன்.

"எனக்க மாமிக்க கிண்டி மக்களே. நான் கெட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு இதுலதான் காலுக்குத் தண்ணி ஊத்துனா. கொடுக்க மனசில்ல. அவன் பிளாட்டு வாங்கியிருக்கான். அங்க இத எங்க வைக்க?"

"இன்னைக்கு நான் ஒண்ணும் எடுக்கல்ல பாட்டி. ராத்திரி மகளுக்குப் போன் போட்டு, என்னென்ன வேணும்னு கேளுங்க. நாளைக்கு வாறேன்."

மகனுக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் நான் போனபோது மகள் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தாள். கிண்டியும் ஒரு சின்ன உருளியும் அவளோடு போயின. மீதியை எனக்குத் தந்தார்கள். பாட்டி ஒவ்வொன்றாக எடுத்து, இது சக்கப்பழம் வரட்டினது, இது மூத்தவன் பேறுக்கு மருந்து கிண்டினது என்று சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எல்லாம் எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அம்மை பேச்சு இழந்த பிறகு அவள் கதைகள் எதையும் நான் கேட்டு வைக்க முடியாமல் போயிற்று. அன்று அந்த முற்றத்தில் நின்றபோது, இதைச் செய்யத்தான் இனி என் காலம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதிலிருந்து சில பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். பார்த்த அன்றைக்கே எதையும் எடுப்பதில்லை, ஒரு ராத்திரி கடக்க வேண்டும். எடைக்கு ஆக்கர் கடையில் என்ன கிடைக்கும், நான் என்ன விலைக்கு விற்பேன் என்று இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்னால் யாரும் விற்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சுத்தம் செய்ய, படம் எடுக்க, ஆள் தேட, பார்சல் கட்ட எனக்கு ஆகிற பாட்டையும் சொல்வேன், ஒத்துக்கொள்வார்கள். மடித்த துணி, கடிதம், போட்டோ ஏதாவது பெட்டிக்குள் இருந்தால் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவேன். பொருளின் பட்டியல், விலை, தேதி எழுதி விற்கிறவரிடம் கையெழுத்து வாங்கி, அடையாள அட்டையின் நகலும் வாங்கிவிடுவேன். இதை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். திருட்டுப் பொருள் கைமாறுகிற தொழில் இது. சீட்டு இல்லாத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கிறிஸ்தவ வீடுகளில் உலோகத்தை விட எனக்கு ஆசை லேஸ் மேல். லண்டன் மிஷன் சார்பில் வந்த மார்த்தா மால்ட் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கையில் காசு பார்த்தறியாத பெண்கள் அந்த நூலில் சம்பாதித்தார்கள். அந்த வழியில் வந்த கைவேலை மேசை விரிப்பாக, தலையணை உறையாக, ஞானஸ்நான உடுப்பின் ஓரமாக டிரங்குப் பெட்டிகளின் அடியில் இன்றும் கிடக்கிறது. மஞ்சளித்துப்போய் இருக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது. பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் ராத்திரி போட்டுவைத்து, பிழியாமல், வெள்ளைத் துண்டுக்குள் வைத்து ஒற்றி, நிழலில் தட்டையாக விரித்துக் காயவிட வேண்டும். கிழிசலை நானே தைக்கிறேன். ஒரு முழத் துண்டுக்கு ஒரு வாரம் கூட ஆகும். விற்கிற விலையில் அந்த உழைப்பு திரும்பாது. ஆனாலும் அந்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதைச் செய்யும் நாட்களில் ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.

விற்பது பெரும்பாலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும்தான். படம் காலை எட்டு மணி வெளிச்சத்தில் திண்ணையில் எடுப்பேன், பிளாஷ் போட்டால் பித்தளை பொய் நிறம் காட்டும். அளவு தெரிய ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் வைப்பேன். விரிசல், ஒட்டு, பற்றவைத்த இடம் எதையும் மறைக்காமல் தனிப்படம் போடுவேன். கீழே பெயர், பயன், உயரம், எடை, எந்தத் தாலுகாவிலிருந்து வந்தது, வீட்டுக்காரர் சம்மதித்தால் அந்தப் பொருளின் கதை. வாங்குகிறவர்களில் சென்னை, பெங்களூரு வீடுகள் உண்டு, ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்த ஆட்கள் நம் மாவட்டத்திலிருந்து வெளியூர் போய்க் குடியேறியவர்கள். "எங்க பாட்டிகிட்ட இருந்தது இதே மாதிரிதான், அண்ணன் வித்துட்டான்" என்று எழுதுவார்கள். அவர்களுக்கு விலை குறைத்துத்தான் கொடுப்பேன், கணக்கு இடித்தாலும்.

விலை வைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: வாங்கிய விலை, சுத்தம் செய்த நேரத்துக்குக் கூலி, பார்சல் செலவு, வண்டிச் செலவு இவை நான்கையும் எழுதிக் கூட்டுங்கள். அதற்கு மேல்தான் லாபம். ஒன்றே கால் கிலோ கிண்டியை 1,800 ரூபாய்க்கு வாங்கினால் 2,800 வைப்பேன். வேறு சிலர் 5,000 வைக்கிறார்கள், அது அவர்கள் வழி. உணர்ச்சிவசப்பட்டு வாங்கிய பொருளுக்கு ஒரு வரம்பு வேண்டும். எனக்கென்று ஓர் அலமாரி, அது நிறைந்தால் ஒன்றை விற்றுவிட்டுத்தான் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம். துக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சாமான் சேர்க்கிற பழக்கம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். வீடு நிறைந்தால் மனசு நிறைந்தது போல் இருக்கும். விற்று வெளியே அனுப்புவதும் சேர்ந்தால்தான் இது தொழில்.

இரண்டு மழையும் விழுகிற மாவட்டம் நம்முடையது. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. கடற்காற்றில் உப்பு வேறு. மரச்சாமானைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடம் விட்டு, அடியில் செங்கல் கொடுத்து வையுங்கள். மாவு போல் பொடி உதிர்ந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது, அதை மற்ற சாமான்களிலிருந்து உடனே விலக்குங்கள். பித்தளையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் வியர்த்துக் களிம்பு பிடிக்கும், பருத்தித் துணிதான் நல்லது. பார்சல் அனுப்பும்போது குத்துவிளக்கைத் திருகிக் கழற்றித் துண்டு துண்டாகச் சுற்ற வேண்டும். திருகாணி மரையில் சொட்டு எண்ணெய். கட்டும்போது போனில் வீடியோ எடுத்து வைத்துவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது.

இனி சட்டம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு வருஷம் தாண்டிய கலை, கைவினை, வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருள் கணக்கில் வரும். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் மதிப்புள்ள சுவடிக்கு 75 வருஷம் போதும். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. அதனால்தான் கொல்லம் ஆண்டுக் கணக்கை அழுத்திச் சொன்னேன். எண் கண்ணில் பட்டால் ஆங்கில ஆண்டாக்கிப் பார்ப்பேன், நூறு வருஷம் தாண்டியிருந்தால் நான் தொடுவதில்லை. சாமி சிலை, கோயில் பெயர் பொறித்த விளக்கு, மணி எதுவும் வேண்டவே வேண்டாம். பழைய வீட்டுச் சுவரில் தொங்கும் மான் கொம்பு, யானைத் தந்தப் பிடி வைத்த கைத்தடி இவையெல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும். "சும்மா தாறேன், எடுத்துக்கோ" என்றாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஓலைச்சுவடி கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். வர்மம், வைத்தியம், வில்லுப்பாட்டு என்று நம் பக்கத்து வீடுகளில் நிறைய இருந்தன. கரையான் தின்றது போக மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. அங்கே சேர்க்கும்படி வீட்டுக்காரர்களிடம் சொல்லுவேன். அதில் எனக்குப் பைசா வராது, வர வேண்டியதும் இல்லை.

சக்கரக் காசு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 16 காசு ஒரு சக்கரம், 28½ சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய் என்பது திருவிதாங்கூர்க் கணக்கு. டிரங்குப் பெட்டியின் மூலையில் சங்கு முத்திரையோடு செப்புச் சில்லறை கிடைப்பது சகஜம். ஆனால் பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று போனில் வருகிற ஆட்களை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இந்த ஏமாற்று நடக்கிறது, அந்த வங்கியே 2021-இல் எச்சரிக்கை வெளியிட்டது. எச்எம்டி கைக்கடிகாரத்திலும் கவனம் தேவை. பளிச்சென்று புது நிறத்தில் டயல் இருந்தால் பழைய இயந்திரத்துக்கு மேல் புதிதாக அச்சடித்த டயலைப் பொருத்தியிருப்பார்கள். எழுத்தின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். தேய்ந்த அசல் டயலுக்குத்தான் மதிப்பு.

வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பத் தொடங்கும் முன் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். உள்ளூரில் விற்பதற்கும் வெளிமாநிலத்துக்கு விற்பதற்கும் ஜிஎஸ்டி விதி வேறு. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டுகிற முறை பழைய பொருள்களுக்கு உண்டு. நான் பதிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு நிம்மதியாக இருக்கிறது.

வருமானத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. நல்ல மாதத்தில் பள்ளியில் வாங்கிய சம்பளத்தை விடக் கொஞ்சம் கூட வரும். மழை மாதங்களில் வீட்டுச் செலவுக்கே அண்ணன் அனுப்பினால்தான் உண்டு. ஓணத்துக்கும் கார்த்திகைக்கும் முன்னால் விளக்கு நன்றாகப் போகும். முழுப் பிழைப்பாக இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள், வேறு ஒரு வருமானம் இருக்கும்போதே தொடங்குங்கள். முதலில் உங்கள் சொந்த மச்சில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதில் ஒன்றைச் சுத்தம் செய்து, பெயர் கண்டுபிடித்து, வயது கணக்குப் போட்டு, படம் எடுத்துப் பழகுங்கள். விற்பதற்கு அவசரமே இல்லை.

மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்திருக்கிறார். நானாக நிறுத்தவில்லை, யாரும் அப்படிச் செய்யக் கூடாது. ராத்திரி முழிப்பு இன்னும் சில நாள் வரும். இப்போது எழுந்தால் நோட்டை எடுத்து அன்றைய பொருளுக்குக் குறிப்பு எழுதுவேன், அல்லது ஒரு முழம் லேஸ் தைப்பேன். என்னைப் போலவே மாமியாரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்த அடுத்த தெரு அக்கா, அவர் போன பிறகு என்னோடு தேய்க்க வருகிறார். கூலி கொடுக்கிறேன். அதைவிட, இரண்டு பேர் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்யும்போது வருகிற பேச்சு இருக்கிறதே, அது எங்கள் இருவருக்குமே தேவைப்பட்டது. சில நாள் பேசாமலும் தேய்ப்போம்.

அடுத்த வாரம் திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிறோம். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிறது, மகன் கூப்பிட்டிருக்கிறார். நெல் போடும் பத்தாயமும் நிறைய வெண்கலமும் இருக்கிறதாம். தங்கை துபாயில் இருப்பதாகச் சொன்னார். அவளுக்கு ஒவ்வொன்றையும் வீடியோவில் காட்டி, அவள் வேண்டும் என்பதை ஒதுக்கிவைத்த பிறகு எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.